கிழக்கு எதுங்க?

நவ. 18, செவ்வாய்
தூறல். ஏழு ஜாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன், எல்லாம் நடை. ஒன்றும் நனையவில்லை.
தையல் கடை ரீட்டா அக்கா மெஷினிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "செல்வி, கடை போனை எம் பொண்ணு பாப்பா திங்கக்கிழமை ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போயிரும். உனக்கென்ன, ஆறு மாசமா சுத்துற. தெருவெல்லாம் மனப்பாடமா இருக்கும்ல?"
தலையாட்டிவிட்டேன். பொய்.
எனக்கு முன்னால் இருந்தவள் வீடு தெரியாமல் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு தடவைதான். நிறுத்திவிட்டார்கள்.

நவ. 19, புதன்
நோட்டின் பின்பக்கம் தஞ்சாவூரை வரைந்து பார்த்தேன். கடை. பஸ் ஸ்டாண்டு. பெரிய கோயில். மற்றதெல்லாம் வெள்ளைத்தாள்.
ஆறு மாதமும் நடந்தது போன் மேப்பின் நீலப் புள்ளி. நான் பின்னால் போனேன், அவ்வளவுதான்.
ஊரில் கிழக்கை யோசிக்கவே வேண்டாம், வாய்க்கால் தண்ணீர் போகிற பக்கம். போனில் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம்தான் மேலே.
போன வாரம் டீக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். மறுநாள் போன், "அந்தக் கடை எப்படி இருந்தது?" என்று கேட்கிறது! நான் நின்றது அதற்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இல்லை. என்னிடமிருந்து எடுத்துத்தான் வைத்துக்கொள்கிறதோ?

நவ. 20, வியாழன்
போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். எட்டுத் தடவையாவது போன வீடு. மூன்றாவது சந்தில் நின்றுவிட்டேன். யாரையாவது கேட்கலாம். வாய் வரவில்லை. போனை எடுத்தேன். டீச்சர் வீடு முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.
வாங்க வேண்டியது: மெரூன் நூல், கொக்கி, அம்மாவுக்குத் தைலம்.

நவ. 21, வெள்ளி
கண்ணை மூடினால் வருகிற வீடுகள் மூன்றுதான். நாய் வீடு, மாவு மில் மாடி, படி உடைந்த வீடு.
மூன்றும் போன் என் காலை வாரிய இடங்கள். ஒருநாள் சார்ஜ் இல்லை. இரண்டு நாள் பின்பக்கச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தியது. வேர்த்து விறுவிறுத்து ஆளைக் கேட்டேன். மில்காரர் மீசையில் இருந்த மாவுகூட நினைவிருக்கிறது.

நவ. 22, சனி
போனைக் கடையிலேயே துணிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. கல்யாண ஜாக்கெட் ஒன்று. பூக்கட்டுகிற அம்மாவிடம் கேட்டேன்.
"கிழக்கால போயி வடக்கால திரும்பு."
"கிழக்கு எதுங்க?"
அந்த அம்மா பக்கத்துக் கூடைக்காரியிடம், "கேட்டியாடி இத! எந்த ஊரும்மா நீ?"
"பூதலூர் பக்கங்க."
"வயக்காட்டுல பொறந்த புள்ளைக்குக் கிழக்கு தெரியலயாம்!"
இருவரும் சிரித்தார்கள். காது சுட்டது. பிறகு அந்த அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "பெரிய கோயில் முதுகுல இருக்கா? மூஞ்சி கிழக்க. நட."
கொடுத்துவிட்டேன். பச்சைக் கேட், வாசலில் இரண்டு சைக்கிள். கண்ணை மூடினால் வருகிற நான்காவது வீடு.

நவ. 24, திங்கள்
மழை. ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் பாப்பா போனைத் தடவிக்கொண்டே, "அம்மா, சனிக்கிழமை செல்வி கடைய விட்டு வெளியவே போகலயே. இங்க மேப்புல காட்டுது பாரு."
அப்படியென்றால் நான் போன வழியை இத்தனை நாளும் போனில் பார்த்திருக்கிறார்கள்!
அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப அந்தக் கல்யாண ஜாக்கெட் எங்கடி?"
"கோயில முதுகுல வச்சு கிழக்கால போனேன்க்கா. பூக்கார அம்மா. வடக்கால திரும்புனா பச்சைக் கேட்டு. ரெண்டு சைக்கிள் நிக்கும். அவங்களுக்கே போன் பண்ணிக் கேளுங்க."
அந்தக் கடையில் நான் இவ்வளவு பேசியதே இல்லை. அக்கா போன் பண்ணவில்லை. ஆறு பையை என் பக்கம் தள்ளினார்.
ஐந்து வீட்டுக்கு ஒவ்வொருவரைக் கேட்டதே போதும். ஆறாவது வீட்டுக்கு மட்டும் இரண்டு பேரைக் கேட்டேன்.