அகலக் கதவு வைத்த கார்

பென்டில் ஹில்
ஓகஸ்ட் 14

என் அன்பு மகள் ஜெனோஜாவுக்கு,

உன்னையும் மருமகனையும் பேரனையும் மடுமாதாவின் கையில் ஒப்படைத்துவிட்டு அம்மா எழுதுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்கு வழமையான முழங்கால் நோவுதான். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீ பாதியைக் கேட்டுப் பயந்துவிடுவாய். எங்கள் பக்கத்து வீட்டுச் சுபாங்கன் ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு ஆறுதலாக வாசி.

தம்பி றிஷி போன வருஷம் பலரட் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் பழைய கார் ஒன்று வாங்கி மெல்பேர்னில் மல்கிரேவில் தன் கராஜில் வைத்திருக்கிறான் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றித்தான். இஞ்சின் இங்கிலாந்துடையது, உடம்பு எங்கே கட்டினது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பா முப்பது வருஷம் கார்களுக்குத் தகரம் தட்டினவர், சும்மா இருப்பாரா? மெல்பேர்னுக்குப் போய்க் கதவின் தகரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சட்டம் முழுக்க முதிரை மரம். வன்னிக் காட்டு மரம் அவுஸ்திரேலியாக் காருக்குள் எப்படி வந்தது என்று அன்றைக்கே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். சீற்றுக்கு அடியில் கொழும்புப் பட்டறை ஒன்றின் பித்தளைத் தகடு, அதில் ஒரு நம்பர். பழைய கார்களின் கதை சேர்க்கிற ஒருவர் கொழும்பில் இருந்து அந்த நம்பருக்குரிய ஓடர் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். 1937இல் மன்னாரில் ஒரு வியாபாரி, நடக்கமாட்டாத தன் மகளைக் கதிரையோடு ஏற்றுவதற்காகச் சொல்லிச் செய்வித்த கார் அது. பின்கதவு மற்றக் கார்களைப்போல ஒன்றரை மடங்கு அகலம், கீழே மடிக்கிற படி. அப்படி ஒன்றே ஒன்றுதான் கட்டினார்களாம். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம் மகள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்பா மன்னாரில் பழைய ஆட்களிடம் போனில் விசாரித்தார். அந்தக் கார் கடைசியில் கேதீஸ்வரன் என்ற ஒருவரிடம் இருந்திருக்கிறது. கதவு அகலம் என்றபடியால் நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்காரரையும் படுத்தபடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவாராம். தொண்ணூறாம் ஆண்டு ஒரு நோயாளியை எடுத்துவரப் போனவர் திரும்பவில்லை. மூன்று கிழமை கழித்து வவுனியாவில் காரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், ஓட்டினது வேறு ஆள். அவருடைய மனைவி நாகேஸ்வரி இப்போதும் வவுனியாவில் இருக்கிறா. அப்பா வீடியோவில் காரைக் காட்டினார். மனிசி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘அந்தப் படியை ஒருக்கா மடிச்சுக் காட்டுங்கோ, சத்தம் கேக்கட்டும்’ என்றாவாம். றிஷி மடித்தான். ‘ஓம், அதுதான்’ என்று சொல்லிவிட்டு, அழாமல், ‘உங்கை ஆர் அனுப்பினது?’ என்று கேட்டாவாம்.

அதற்குப் பதில் றிஷியிடம் இருந்தது. பண்ணைக்காரரின் மகன் கொடுத்த கடதாசிப் பெட்டிக்குள் கப்பலில் ஏற்றின பத்திரம் கிடந்தது, 1992. அனுப்பினவர் என்று கையெழுத்து வைத்திருந்தது அருந்தவன் அங்கிள்.

நீ இந்த இடத்தில் திரும்ப ஒருமுறை வாசிப்பாய் என்று தெரியும். நானும் அப்படித்தான் அப்பாவை மூன்று தரம் சொல்லவைத்தேன். எங்களை எயார்போர்ட்டில் வந்து ஏற்றினவர், இந்த வீதியில் முதல் வீடு பிடித்துத் தந்தவர், அன்றைக்கு நித்திரையாய்க் கிடந்த உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். அப்பா எனக்குச் சொல்லாமல் போன மாதமே பிளாக்டவுனில் அவர் வீட்டுக்குப் போய் நேரே கேட்டிருக்கிறார். அங்கிள் கோபிக்கவில்லையாம். பத்திரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாராம். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘கொட்பிறி, எனக்குக் காரைக் கொண்டுவந்து தந்தவை இப்பவும் இருக்கினம். இங்கையும் ஆக்கள் இருக்கினம். பெடியனிட்டச் சொல்லிக் காரை வித்துப்போட்டுச் சும்மா இரு’ என்றாராம். கேதீஸ்வரனுக்கு என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தேத்தண்ணி ஆறுது, குடி என்று மட்டும் சொன்னாராம். ஐந்தாம் நாள் றிஷி வேலைக்குப் போயிருந்த பகலில் கராஜ் பூட்டை உடைத்திருக்கிறார்கள். சாமான் ஒன்றும் போகவில்லை. அந்தப் பித்தளைத் தகடு மட்டும் இல்லை. றிஷி பொலிசில் சொல்லிவிட்டுக் காரை வேறு இடத்தில் பூட்டியிருக்கிறான், எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை, கேட்கவும் வேண்டாம் என்றான்.

நான் அப்பாவுடன் சண்டை பிடித்தேன். முப்பது வருஷம் எங்கள் மேசையில் சாப்பிட்ட மனிதன், நாகேஸ்வரியை நாங்கள் கண்டதுகூட இல்லை, விட்டுவிடுங்கோ என்றேன். அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சட்டத்தரணியிடம் போய், தெரிந்ததெல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அங்கிளின் பெயரும் பத்திரமும் நாகேஸ்வரிக்குப் போய்விட்டன. கதை பரவி, இப்போது ஞாயிறு பூசையில் சிலர் எங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருப்பதில்லை.

நான் செய்த பிழையை இனிச் சொல்கிறேன். போன மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை, அப்பா மெல்பேர்னில் நின்ற நேரம், எனக்கு இதெல்லாம் தெரியுமுன், அங்கிள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். செப்ரெம்பரில் தமக்கையின் மகனுடைய கலியாணத்துக்குக் கனடா போகிறாராம், பிள்ளைக்கு ஏதும் கொண்டுபோகவோ என்று கேட்டார். நான் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொடுத்து, உன் வீட்டு விலாசத்தையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அப்பா வந்து சொன்னது அடுத்த நாள்.

அவர் வந்தால் நீ தனிய நிற்காதே, மருமகன் வீட்டில் நிற்கிற நாளுக்கு வரச்சொல். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடு. மரியாதை குறையக் கூடாது, தேத்தண்ணி கொடு. காரைப் பற்றிக் கேட்டால் தம்பியின் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல். ஆனால் மகள், அவர் தானாக ஏதும் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேள், அவர் போன உடனே ஒரு சொல் விடாமல் எழுதி வை. புருஷனை எங்கே இறக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டு அந்த மனிசி முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறா.

மாதா உன் வாசலில் நிற்பா. சுபாங்கனிடமிருந்து கடிதம் கிடைத்தது என்று மட்டும் எனக்குச் செய்தி போடு, வேறொன்றும் எழுதாதே. மறக்காமல் மருமகனிடம் வாசல் கதவுக்குச் சங்கிலி போடச் சொல்.

உன் அம்மா,
ஞானமலர்