மாடி அறையில் முப்பத்தெட்டு

ஏப்ரல் 4

போனை எடுக்காத அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் எப்படியும் ஒரு தடவை படித்துவிடுவாய்.

நீ ஹாஸ்டலுக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. காலியாகக் கிடக்கிறதே என்று உன் மாடி அறையைப் பிடிக்கப் போனேன். பத்தே நிமிடத்தில் பொரிந்துபோய் இறங்கி வந்தேன். இடம் உனக்கே இருக்கட்டும், தாயே.

ஊரில் பாதி வீட்டுக்கு ஏசி மாட்டுகிற மெக்கானிக்கின் மகள்கள் நாம். நம் வீட்டில் மட்டும் ஏசி கிடையாது. "நம்ம ரூம் குளிரணும்னு அடுத்த வீட்டு ஜன்னல்ல சூட்டை ஊதணுமா?" என்ற அப்பாவின் பழைய வசனம் உனக்கே மனப்பாடம். ஆனால் நீ கிளம்பும்போது வாசலில் நின்று கத்தினாயே, "அந்த ரூம் முப்பது டிகிரிக்குக் கீழ இறங்கட்டும், அப்புறம் நான் வரேன்" என்று! அதை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டார்.

நேற்று மதியம் மூணு மணிக்கு, வேலைக்குக் கொண்டுபோகிற தெர்மாமீட்டரோடு உன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். கால் மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எழுந்து கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் 38 என்று எழுதினார்.

"யாருக்குப்பா காய்ச்சல்?" என்றேன்.

"ரூமுக்கு" என்றார்.

அப்பா ஜோக் அடித்தார் அக்கா. தேதியைக் குறித்து வை.

உன் அன்புத் தொல்லை,
வாலு


ஏப்ரல் 9

வாலுக்கு,

கிழிக்கவில்லை. நலம். இங்கே நாலு பேருக்கு ஒரு ஃபேன், அது யார் கட்டிலுக்கும் நேராக இல்லை. வேலை செய்கிற லேப்பில் ஏசி இருக்கிறது. ரத்த சாம்பிள் கெடக்கூடாதாம், நாங்கள் கெட்டால் பரவாயில்லை.

மூன்று வருடமாக "மேல தாங்கலைப்பா" என்று சொன்னேன். காலை ஏழு மணிக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, "சூடா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று இறங்கிப் போவார். இப்போது என்ன புதிதாக? கதவில் எழுதியதை அழித்துவிட்டாரா, இருக்கிறதா?

உச்சி வெயிலில் அந்த அறையில் போய் உட்காரவேண்டாம் என்று அவரிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 19

ஒரு வழியாகப் பதில் போட்ட அக்காவுக்கு,

38 அப்படியே இருக்கிறது. அதன் கீழே இப்போது குடும்பமே இருக்கிறது.

முதலில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை பெயின்ட். இரண்டு கோட், நான்தான் உதவி பெயின்டர். இப்போது அம்மா துணி காயப்போடவே கூலிங்கிளாஸ் கேட்கிறாள். கதவில் 35½.

அடுத்து மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ளேதான் திரை இருக்கிறதே என்றேன். "வெயிலை உள்ள விட்டுட்டுத் திரை போடறது, திருடனை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்துற மாதிரி" என்றார். 33.

பிறகு கூரைக்கு அடியில் தெர்மகோல் பலகை. 31½.

கீழேயும் விடவில்லை. ஃபிரிட்ஜ் கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு காகிதம் கேட்டார். கைக்குக் கிடைத்தது என் கணக்குப் பரீட்சைத் தாள். கதவில் வைத்து மூடி இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் போச்சு" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "மார்க்கும் போச்சு."

முக்கியச் செய்தியைக் கடைசியில் வைத்தேன். இன்று 29! முப்பதுக்குக் கீழே! பெட்டியைக் கட்டு.

வாலு


ஏப்ரல் 23

வாலுக்கு,

இருபத்தொன்பதா? சரி. வருகிற மாதம் முதல் ஞாயிறு எனக்கு லீவு. மூணு மணிக்கு வந்து நானே பார்க்கிறேன். தெர்மாமீட்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. 29 பொய். ஈர சாக்ஸ் ஒன்றைத் தெர்மாமீட்டருக்கு மாட்டி ஃபேனுக்குக் கீழே வைத்தேன், இறங்கிவிட்டது. கதவில் அப்பா கையெழுத்து மாதிரியே எழுதியும் வைத்தேன்.

நீ வருகிறாய் என்று நேற்று சொன்னதும் அப்பா மாடிக்கு ஓடினார். நான் எடுக்க மறந்த சாக்ஸோடு இறங்கி வந்தார். திட்டவில்லை அக்கா, அதுதான் தாங்கவில்லை.

"இது எதுக்கு?"

"அவ வரட்டும்னுதான்."

"வந்து முப்பத்தொண்ணரையப் பார்த்தா? இந்த வாட்டியும் அப்பா ஏமாத்திட்டாருன்னுதானே நினைப்பா? உண்மையை எழுது."

"எழுதினா வரமாட்டாளேப்பா."

"வரலைன்னா வரலை. பொய் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

29-ஐ அவரே ரப்பர் போட்டு அழித்தார். எனக்கு அழுகை வந்தது. வியர்வை என்று சொல்லிவிட்டேன். வா அக்கா. ஜோக் இல்லை.

வாலு

இன்று மதியம் 3.00. மேல் அறை 31½. ஈரத் துணி இல்லை. கதவிடுக்கையும் பரணுக்கு மேலே இருக்கிற இடைவெளியையும் அடைத்துப் பார்க்கிறேன்.
அப்பா


ஏப்ரல் 29

வாலுக்கும், வாலுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிற அப்பாவுக்கும்,

29 பொய் என்று அன்றைக்கே தெரியும். காரணமே இல்லாமல் அளவு இவ்வளவு இறங்கினால், எங்கள் லேப்பில் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்வோம்.

நான் வருவதாக முடிவு செய்தது அதைப் பார்த்து இல்லை. உன் முதல் கடிதத்தில் 38 இருந்தது. மூணு மணிக்குப் போய் உட்கார்ந்து, வேர்த்து, அப்பா தன் கையால் எழுதியது. ஏசி கேட்டுச் சண்டை போட்டேன்தான். ஆனால் மூன்று வருடமாக நான் கேட்டது அந்த ஒரு எண்ணைத்தான்.

ஞாயிறு வருகிறேன். கதவிடுக்கு வேலையை அதுவரை நிறுத்தி வையுங்கள் அப்பா, ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். கதவில் 38-ஐ மட்டும் அழிக்கவேண்டாம்.

உங்கள் மூத்தவள்

பி.கு. வாலு, அது என் சாக்ஸ் என்றால், நான் வருவதற்குள் துவைத்து வை.