பேர் எழுதாத பொட்டலம்

தென்காசி,
ஞாயிறு காலை

அன்பு மகள் அதீபாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நானும் உன் உம்மாவும் சுகம், அங்கே இங்கிலாந்தில், லெஸ்டரில் நீயும் குளிருக்கு இதமாக உடுத்தி நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஒரு மாதமாக நான் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. போன மாதம் ஒரு நாள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, செங்கோட்டைப் பக்கம் போய் நாலு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டேன். சர்க்கரைக்காரன் செய்கிற காரியமா என்று கேட்காதே, நாலோடு நிறுத்தினேனே என்று பார். திரும்பும் வழியில் ரோட்டோரக் குழாயில் தலையை நனைத்து, துண்டையும் நனைத்துத் தோளில் போட்டு, வாசலில் கொஞ்சம் நடுங்கியும் காட்டினேன். எங்கன குளிச்சிய என்றாள் உம்மா. ஐந்தருவியில் என்றேன். கூட்டமா என்றாள். தாங்கலை, அரை மணி நேரம் வரிசையில் நின்றேன் என்றேன். வெள்ளம் வந்து விடியக்காலையில இருந்து எல்லா அருவியிலயும் குளிக்கத் தடை, ஒங்களுக்கு முன்னால வரிசையில நின்னது போலீஸ்காரங்களா என்றாள்.

இதற்கெல்லாம் காரணம் நீதான். போன தடவை வந்தபோது டிவியில் ஒரு இங்கிலீஷ் துப்பறியும் தொடரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தக் கம்பளிநூல் கடைக்கார அம்மாள், பேர் என் வாயில் நுழையாது, உம்மா குடைக்காரம்மா என்று பேர் வைத்திருக்கிறாள். கடைசியில் எல்லாரையும் உட்கார வைத்து, கையில் குடையோடு அங்குமிங்கும் நடந்து யார் கொன்றது என்று சொல்கிறவள் அவள்தானே. இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிறதாமே. போலீஸ் அதிகாரியாக நடிக்கிறவர் நாலு பேர் மாறிவிட்டார்கள், குடைக்காரம்மா மட்டும் அப்படியே இருக்கிறாள். அந்தச் சின்ன ஊரில் வாரத்துக்கு ஒரு கொலை விழுகிறது, ஒருத்தரும் வீட்டைக் காலி செய்து போகிற மாதிரித் தெரியவில்லை. இங்கே ஒரு வீட்டில் பாம்பு வந்தால் வாடகைக்கு ஆள் வராது. உன் உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, எப்படிப் புரிகிறது என்று கேட்டேன். வசனம் எதுக்கு, முழியப் பாத்தாலே கொன்னது யாருன்னு தெரியுதுல்லா என்றாள். முக்கால்வாசி நேரம் சரியாகவும் சொல்லிவிடுகிறாள். நான் பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படித்தவன், ஒவ்வொரு வாரமும் பாதிரியாரைத்தான் சொல்கிறேன், ஒரு தடவைகூட அவர் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அச்சன்புதூர் சம்பந்தம் சரிப்படவில்லை என்று உம்மா உன்னிடம் போனில் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள். துப்புத் துலக்கினவள் தன் வாயால் பெருமை பேசக் கூடாதாம், குடைக்காரம்மா பேச மாட்டாளாம். நான் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

மசூதும் நானும் சவுதியில், தம்மாமில் பதினோரு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அவன் மகன் உவைஸுக்கு உன்னைக் கொடுப்பது என்று நீ பாலர் பள்ளி போகும்போதே ஒருத்தருக்கொருத்தர் வாக்குக் கொடுத்துவிட்டோம். நீயும் சரி என்றாய். உவைஸ் சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான், நிக்காஹ் தேதி குறிக்க, முந்தின வாரம் வெள்ளி ஜும்ஆ முடிந்து அச்சன்புதூர் போனோம். நானும் மசூதும் முன்னறையில் பழங்கதை பேசி உட்கார்ந்துவிட்டோம், உம்மா நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். குடைக்காரம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படிதான். அதை அடுத்த அறையில் உவைஸ் கொண்டுவந்த பெட்டி பிரித்துக் கிடந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எந்தப் பொட்டலம் யாருக்கு என்று பேர் எழுதி ஒட்டிக் கொண்டுவருவது வழக்கம்தானே, நாங்களும் செய்ததுதான், இல்லாவிட்டால் வந்த அன்றைக்கே வீட்டில் சண்டை. மாமா, சாச்சா, குப்பி என்று உறவுமுறையைத் தடித்த மார்க்கரில் கிறுக்கி வைத்திருக்கிறான். அதே கிறுக்கலில் அதீபா என்றும் ஒன்று, குப்பிக்கு வந்த அதே சாக்லேட், அதே அத்தர். அரிசி டிரம்முக்குப் பின்னால் மட்டும் ஒரு பொட்டலம், பூப்போட்ட தாள், மூலை மடித்து, டேப் நேராக ஒட்டி, அதில் பேர் இல்லை.

சாப்பாடு முடிந்தது. தேதி பார்க்கலாம் என்று மசூது காலண்டரை எடுத்தான். அப்போது உம்மா எழுந்து, எல்லாரும் இப்பிடி உக்காருங்க என்றாள். வெளியே சாரல், கதவில் மசூதின் குடை தொங்கியது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. முதலில் குடையை என் பக்கம் நீட்டி, இவுக போன மாசம் குளிக்காத அருவியில குளிச்சாக என்றாள். சம்பந்தி வீட்டில் என் மானம் போனது இப்படித்தான். அப்புறம் உவைஸ் பக்கம் திரும்பி, தம்பி, அந்த டிரம்முக்குப் பின்னால இருக்கது யாருக்கு என்றாள். அவன் யாருக்கும் இல்ல மாமி என்றான். உம்மா சொன்னாள், மத்ததுக்கெல்லாம் மறந்திரும்னு பேரு எழுதியிருக்க, இதுல எழுதல, யாருக்குன்னு ஒனக்கு மறக்காதுல்லா. பையன், மிஸ்ரியாவுக்கு என்றான். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராம், நல்ல பிள்ளையாம். ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வாப்பாவிடம் சொல்லியிருக்கிறான். மசூது என் பேரைச் சொல்லி, கபீருக்குக் கொடுத்த வாக்கு என்னாவுது என்று வாயை அடைத்துவிட்டான்.

மசூது எழுந்து என்னைப் பார்த்து, ஏலே, ஒனக்காகத்தாம்லே என்றான். நானும் ஒனக்காகத்தாம்லே என்றேன். உம்மா குறுக்கிட்டு, அதீபா சரின்னு சொன்ன நாள்ல இருந்து மாப்பிள்ளை போட்டோவ ஒரு தடவைகூடக் கேக்கல, ஒங்க ரெண்டு பேருக்கும் வாக்குதான் பெருசுன்னா நீங்க ரெண்டு பேருமே கட்டிக்கிடுங்க, தேதி நான் குறிச்சுத் தாரேன் என்றாள். உவைஸின் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள், அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மசூது மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வரைக்கும்கூட வரவில்லை. எட்டு நாள் போன் இல்லை, முப்பது வருஷச் சிநேகிதம் போய்விட்டது என்று நான் பரோட்டாவைக்கூட நினைக்கவில்லை. நேற்றுக் காலை அவனே கூப்பிட்டான். ஏலே கபீரு, நம்ம தோப்புல தேங்கா களவு போவுது, ஒம் பொண்டாட்டிய ரெண்டு நாளைக்கு அனுப்பி வை என்றான். உவைஸுக்கும் மிஸ்ரியாவுக்கும் அடுத்த மாதம் நிக்காஹ், உம்மாதான் முதல் ஆளாக வர வேண்டுமாம். குடையோடு வரச் சொல்லியிருக்கிறான்.

நீ நேரத்துக்குத் தூங்கு, மழையில் நனையாதே, மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தலைவலிக்கு மாத்திரை போடாமல் இருக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் மனதுக்குப் பிடித்த வாழ்க்கையையும் தருவானாக. இந்தக் கடிதம் கிடைத்ததை உம்மா இல்லாத நேரம் பார்த்துச் சொல்லு.

இன்னும் ஒன்று. அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது உம்மா கேட்டாள், பிள்ளைக்கு இஷ்டமில்லன்னு ஒங்களுக்கும் தெரியாமத்தான் இருந்துச்சா என்று. நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. தெரியும் அதீபா. போனில் நீ, ஒங்க இஷ்டம் வாப்பா என்று சொன்னபோதே எனக்குத் தெரியும்.

உன் வாப்பா,
அகமது கபீர்