கயல்விழி இன்று பாடம் படித்தார்

என்னங்க,

ஒங்களக் கயல் அப்பான்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். இப்ப அந்தப் பேர வாய்விட்டுச் சொல்ல முடியல, அதான் இப்படி ஆரம்பிக்கிறேன். பீட்டர் அண்ணன் நாளைக்குத் துபாய்க்குக் கெளம்புறாரு. பருப்புப் பொடியோட இதையும் அவருகிட்டக் குடுத்து விடுறேன்.

"கயல்விழி இன்று பாடம் படித்தார்"னு ஒங்களுக்கு மெயில் வருதுன்னு போன்ல கத்துனீங்க. எவனோ அவ அக்கவுண்ட்டுல புகுந்துட்டான், மூடச் சொல்லுன்னீங்க. சரின்னுட்டுப் போன வச்சிட்டேன்.

நான்தாங்க அது.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லித் தருமே அந்த வெப்சைட், ஒங்க மெயில் ஐடியக் குடுத்துத்தான அவ அதுல சேந்தா. தெனம் சோறு வடிச்சு வச்சிட்டு அவ செல்லுல அதத் தெறக்குறேன். கடைசியா பஸ் ஏறிப் போன அன்னைக்கு அவ பாதியில விட்ட பாடத்துலருந்து ஆரம்பிச்சேன். பத்தாவது படிச்சவளுக்கு என்ன புரியும்னு நெனைக்காதீங்க. மொதல்ல தலை சுத்துச்சு, அப்புறம் புரிஞ்சிருச்சு.

இங்க யாரும் அவ பேரச் சொல்றதில்ல. எம்மேல இருக்க பாசத்துலதான். ஒங்க தங்கச்சிகூட பேச்சு அங்கிட்டுப் போனா காப்பி போட எந்திரிச்சிருது. சொவத்துல போட்டோவுக்கு மாலை போட்டதோட சரி.

இப்பக் கடைசிப் பாடத்துக்கு வந்துட்டேன். விடை எனக்குத் தெரியும். சரியாப் போட்டா பாடம் முடிஞ்சிரும்.

அதனால தெரிஞ்சேதான் தப்பாப் போடுறேன். ஒடனே அது, "மீண்டும் முயற்சி செய்யுங்கள், கயல்விழி"ன்னு அவளக் கூப்பிடுது.

மூடச் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
அவ அம்மா