ஊமைக் கட்டையும் மல்லிகா அக்காவின் மெட்டும்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து பனிமூட்டம். ஏற்காட்டு ஏரி தெரியவில்லை, எதிர்க்கடைப் பலகையே தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் "வியூ பாயிண்ட் போனா ஏதாச்சும் தெரியுங்களா" என்று கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். நான் என்ன மேகத்தை விலக்கிவிடவா கடை வைத்திருக்கிறேன். காப்பித்தூள் நமுத்துப் போகாமல் டப்பாவில் அடைத்ததுதான் இன்றைய வியாபாரம்.

மூன்று மணிக்குக் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுக் கிளியூர். மல்லிகா அக்கா வீட்டில் எங்கள் கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர்: அக்கா, நான், லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் குமரேசன். அக்கா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு எஸ்டேட் பங்களா ரிசார்ட் ஆனபோது வேண்டாம் என்று தள்ளிய பியானோவை அவர் வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார். இன்றுவரை அதை அவர் எருமை என்றுதான் சொல்கிறார்.

மூவரும் சொந்தமாக மெட்டுப் போடுகிறோம். யாருக்கும் நோட்டு எழுதத் தெரியாது. போனில் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்புவது, காதால் கேட்டுப் படிப்பது. நாங்களே வைத்துக்கொண்ட சட்டம் சில உண்டு. மெட்டுப் போட்டவர் வாசிக்கக் கூடாது, வேறு ஒருவர்தான் வாசிக்க வேண்டும். அப்போதுதான் மெட்டுக்குத் தனியாகக் கால் இருக்கிறதா என்று தெரியும். போட்டவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அவர் முகத்தைப் பார்த்தால் வாசிக்கிறவனுக்கு உதறல். முடிந்ததும் முதல் வார்த்தை பாராட்டாக இருக்க வேண்டும். குறை பிறகு.

இன்று அக்காவின் புது மெட்டை நான் வாசித்தேன். ஈரத்தால் நடுவிலிருக்கும் கறுப்புக் கட்டை ஒன்று இன்றும் பேசவில்லை. அழுத்தினால் இறங்குகிறது, சத்தம் வராது. ஊமை என்று பெயர் வைத்திருக்கிறோம். நாலு நாள் வெயில் அடித்தால் தானே பேசும்.

முடித்ததும் சொன்னேன்: "நடுவுல ஒரு எடத்துல மூச்சப் புடிச்சிட்டு நிக்குது பாருங்க்கா, அது நொம்ப அருமை. அத மட்டும் எப்பவும் மாத்தீராதீங்க."

அக்கா திரும்பாமலே "சரீங்க தம்பி" என்றார். அப்புறம் போண்டா வந்தது.

குமரேசன் ஒரு சேதி கொண்டு வந்தான். சேலத்தில் பியானோ சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் 23ஆம் தேதி விழா. மலைக்காரர்களுக்கு என்று ஒரு உருப்படி ஒதுக்குகிறார்களாம். ஒன்றே ஒன்று. அக்காவுடையதுதான் என்று நானும் கு.வும் ஒரே வாயாகச் சொன்னோம். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

தூறல். பெருங்காயம், மெழுகுவத்தி, பாக்கெட் கவர் வாங்க வேண்டும்.

கடைக்குப் பின்னால் கீபோர்டில் பயிற்சி. இடது கை சொல்பேச்சுக் கேட்பதில்லை. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மொளகு வாங்க வந்தவங்க உங்க சத்தத்துல கிராம்பு வாங்கீட்டுப் போறாங்க" என்றாள். வியாபாரம் நடந்தால் சரி.

மதியம் அக்கா போன். சேலத்தில் இருக்கும் அண்ணனிடம் விழாவைச் சொல்லிவிட்டாராம். இந்த அண்ணனை எனக்குத் தெரியும். அக்கா பியானோ கற்கத் தொடங்கியபோது, "பேரம் பேத்தி எடுக்கற வயசுல பொட்டி தட்டறியாக்கும்" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவர். அன்று அக்கா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார்.

"வர்றேன்னு சொல்லீருச்சுங்க தம்பி. எங்கண்ணன் ஒருக்கா, ஒரே ஒருக்கா, நான் போட்டதச் சிரிக்காமக் கேட்டாப் போதும். நீங்க நல்லா வாசிச்சுருங்க."

வாசிப்பது என் விரல், போவது அவர் மானம்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. கிளியூரில் மறுபடியும் வாசித்தேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கினார். தப்பே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

"கண்ணு மூடிக் கேட்டா நானே வாசிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எவன் தரப்போகிறான். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஆட்டுக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

நவம்பர் 20, வியாழன்

சேலத்தில் ஒத்திகை. எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

காலை பஸ்ஸில் மூவரும் இறங்கினோம். அடிவாரம் வந்ததுமே வெயில், ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். பள்ளியின் பியானோ கறுப்பு, பளபளப்பு, எல்லாக் கட்டையும் தொட்டால் பேசுகிறது. வாசித்தேன். நன்றாகத்தான் போயிற்று. முடித்துத் திரும்பினால் அக்கா எழுந்து நிற்கிறார்.

"தம்பி, அந்தச் சுரத்த ஏன் உட்டுட்டீங்க?"

"எந்தச் சுரங்க்கா?"

அக்கா நடந்து வந்து நடுவிலிருந்த கறுப்புக் கட்டையை அழுத்தினார். கணீரென்று கேட்டது. எங்கள் ஊமை இருக்கும் இடம், இந்த மெட்டில் நான் என்றைக்குமே தொடாத கட்டை.

நடந்தது இதுதான். மழையில் ஊமை பேசாத சமயத்தில் அக்கா பதிந்து அனுப்பியிருக்கிறார். அவர் அழுத்தியிருக்கிறார், சத்தம் விழவில்லை. அவர் காதில் மட்டும் விழுந்திருக்கிறது. நான் பதிவைக் கேட்டு, அந்த இடத்தில் மெட்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் வீட்டில் வாசித்தபோதெல்லாம், நான் அழுத்துகிறேன், ஊமைதான் பேசவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்தவருக்கு என் விரல் எப்படித் தெரியும். எங்கள் சட்டமே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. கு. முதலில் சிரித்துவிட்டான், அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அந்த மூச்சப் புடிச்ச எடம்னு சொன்னீங்களே, அது இதுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்க புகழ்ந்தது எம் மெட்ட இல்லீங்க தம்பி. எம் பியானோவோட நோவ."

பஸ்ஸில் அக்கா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபோதும் திரும்பவில்லை. கவர் வாங்க மறந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

குரூப்பில் சத்தமே இல்லை. கு. மட்டும் தனியாக: "அண்ணா, அந்த ஒரு நோட்ட சேத்து வாசிச்சுட்டா முடிஞ்சுது. ரெண்டு நாள் இருக்குதுங்க்ணா."

சேர்த்துப் பார்த்தேன். விரல் போக மாட்டேன் என்கிறது. போனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அமைதியாக நிற்கும் இடத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல் இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்வதா, மறைப்பதா. காலையிலிருந்து கடையில் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். பாதி மிளகை மிளகாய்த்தூள் டப்பாவில் கொட்டினேன்.

சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கிளியூர் போய்விட்டேன். அக்கா வீட்டுக்காரர் வாசலில். "என்னங்க, எருமைக்கு ஒடம்பு செரியில்லீங்களா, ரெண்டு நாளாக் கத்தவே இல்ல."

உள்ளே அக்கா பியானோ மேல் போர்வை போர்த்தியிருந்தார். விழாவுக்கு வரவில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிடப் போகிறாராம்.

எனக்குப் பிடித்தது நிறுத்தம்தான், சுரம் பிடிக்கவில்லை என்று மெய்யையே சொல்லிவிட்டேன். பாராட்டு முதலில் என்ற சட்டமெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை.

அக்கா கோபப்படவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார்.

"பிரசவ வார்டுல கொழந்த வெளிய வந்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காதுங்க தம்பி. நாங்க அத்தன பேரும் நிப்போம். அப்பறம் அது அழுவும். அந்த அழுகதான் அந்தச் சுரம். நீங்க அழாத கொழந்தைய நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதான் தாங்க முடியல."

எங்கள் சின்னவனை வீட்டுக்காரி பெற்றபோது நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றது, உள்ளே சத்தம் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அக்கா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் மூக்கைச் சீந்திக்கொண்டேன், பனி என்று பேர்.

"என்னால முடியாதுங்க்கா. நீங்களே வாசியுங்க" என்றேன்.

"சட்டம் என்னாவறது?"

"சட்டம் ஏற்காட்டுக்குத்தானுங்க. அது சேலம்."

சிரித்தார். வாசிப்பேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து ரோட்டைப் பிடிப்பதற்குள் உள்ளே பியானோ கேட்டது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப. ஊமை இன்னும் பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில். சீசன் கூட்டம் மேலே ஏறிக்கொண்டிருக்க நாங்கள் கீழே இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று வீட்டுக்காரி திட்டவில்லை. "நல்லா வாசிக்கச் சொல்லுங்க அக்காவ" என்றாள்.

விழா காலை பத்தரைக்கு. சின்னப் பிள்ளைகள் வரிசையாக வாசித்தார்கள், நன்றாகவே. அண்ணன் குடும்பத்தோடு மூன்றாம் வரிசை, வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேர் கூப்பிட்டதும் நான் எழவில்லை. அக்கா எழுந்தார். கு. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

தொடக்கத்தில் இடது கையில் ஒரு இடம் பிசகிப்போயிற்று, அக்கா நிற்காமல் போனார். என்னைவிட மெதுவாக வாசித்தார். நான் இத்தனை நாள் எங்கே ஓடிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. நிறுத்தம் வந்தது. நானும் கு.வும் மூச்சே விடவில்லை. அப்புறம் அந்தச் சுரம். ஐயோ, அதுதான் மெட்டு. மற்றதெல்லாம் அதற்குக் காத்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்றேனே, என்னத்தைச் சொல்ல.

கைதட்டினார்கள், மரியாதைக்குத் தட்டுகிற மாதிரிதான். விழா முடிந்து ஆட்கள் கிளம்ப, நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். அண்ணன் நேராக மேடைக்கு வந்தார். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எந்தப் படத்துல வருது?"

"எந்தப் படமும் இல்லீங்கண்ணா. நான் போட்டது."

அண்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். மடக்கி வைத்த நாற்காலி ஒன்றை எடுத்து விரித்து, பியானோவுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா வாசி கண்ணு."