விசிறி திருத்துகிற மருமகள்

ஹெந்தளை
02.06.2024

அன்பு மகள் றொசானாவுக்கு,

உன் புது போன் நம்பர் என்னிடம் இல்லை. நீ தங்கியிருக்கும் பெண்கள் இல்லத்தை நடத்துகிற ஜவாஹிறாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கை எப்படி இருக்கிறது? உன் மனுசன் கிளெமென்ற் இப்போது குடிப்பதில்லை. நீ படியில் சறுக்கி விழுந்தாய் என்று கோட்டில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறான். அதற்கு முன் நீயே வழக்கை விட்டுவிட்டு வரக்கூடாதா? நீ இல்லாமல் சமைக்கக் குசினிக்குள் போகவே மனமில்லை.

உன் மாமி
மரியகொறற்றி

*

கொட்டாஞ்சேனை
09.06.2024

அன்புள்ள மாமிக்கு,

கை தேறிவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஆனாலும் விசிறி, மிக்ஸி, ரைஸ் குக்கர் எல்லாம் திருத்தப் பழகிவிட்டேன். இல்லத்துப் பெண்கள் சேர்ந்து இங்கே மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு கடை போட்டிருக்கிறோம். நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றினால் லக்ஷ்மிப்பிரியா மறுபக்கம் பிடிப்பாள். வந்த புதிதில் அவள் ஒருவரோடும் கதைக்கமாட்டாள். இப்போது சிங்களத்தில் விலை பேசுகிறாள்.

நான் திரும்பி வரமாட்டேன், மாமி. கோட்டில் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கவும் மாட்டேன். அவர் நீங்கள் பெற்ற பிள்ளை. கடை இருக்கும் இடம் மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

மருமகள்
றொசானா

*

வத்தளை
19.06.2024

அன்பு மகளுக்கு,

நேற்று செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடைக் கோயிலுக்கு வந்த நான் அப்படியே உன் கடைப் பக்கம் நடந்தேன். ஒருவர் விசிறியோடு வந்து, "பாஸ் இல்லையோ?" என்று கேட்டார். "நான்தான் பாஸ். வையுங்கோ" என்றாய். அவரும் வைத்தார். என் வீட்டில் உன் குரல் இப்படி எழும்பி நான் கேட்டதில்லை. பெருமையாக இருந்தது. ஆனால் உள்ளே வரக் கூச்சமாக இருந்தது.

நீ விழுந்ததாக நாளைக்குக் கோட்டில் சொல்லமாட்டேன் என்று இரவே அவனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப வீட்டை விட்டுப் போங்கோ" என்றான். தங்கை வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

மரியகொறற்றி

*

கொட்டாஞ்சேனை
20.06.2024

அன்புள்ள மாமிக்கு,

இன்று அவருடைய லோயர் எத்தனை விதமாக மாற்றிக் கேட்டும் நீங்கள் அசையவில்லை. "என்ர பிள்ளைதான் அடிச்சவன். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றீர்கள். எனக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா தெரியாது. பொலிஸார் அவரை மறியற்சாலைக்குக் கொண்டுபோனபோது நீங்கள் அழுததையும் கண்டேன். வெளியே வந்து தேடினேன், நீங்கள் போய்விட்டீர்கள்.

ஜவாஹிறா அக்காவிடம் கதைத்துவிட்டேன். என் அறையில் உங்களுக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். ஞாயிறு பூசை முடிய நானும் லக்ஷ்மிப்பிரியாவும் ஓட்டோவில் வருவோம். உடுப்புகளை எடுத்து வையுங்கோ.

உங்கள் மகள்
றொசானா