அறுத்த வயரும் அதன் காரணமும்

அன்பு மகள் கலைச்செல்விக்கு உன் தந்தை பலவேசம் எழுதுவது.

சோறும் சொதியும் அடுப்படியில் மூடி வைத்துள்ளேன். நேற்றுப்போல் பட்டினி கிடவாதே.

பார்க்கிங் விளக்கைப் போட்டால் நம் காரின் பக்கவிளக்குகளும் எரியுமாறு நீ இணைத்த வயரை, பேட்டரி தீர்ந்துவிடும் என்று கூறி அறுத்தேன். அது பொய்.

"பொம்பளப்புள்ள ஒயர் மாட்டுன வண்டியா வே? ஏறவே பயமாருக்கு" என்று வாடகைக்கார் நிலையத்தில் சக ஓட்டுநர்கள் நகைத்தனர். அதற்கு அஞ்சியே அறுத்தேன்.

முந்தாநாள் அந்தியில் களக்காட்டுச் சாலையோரம் பார்க்கிங் விளக்கைப் போட்டுக் காரை நிறுத்தியிருந்தேன். தோப்பிலிருந்து வாழைத்தாருடன் குறுக்கே வந்த சைக்கிள்காரர், கார் நிற்பது தெரியாமல் அதன் பக்கவாட்டில் மோதி விழுந்தார். முழங்காலில் பலத்த அடி. "சைடுல ஒரு வெளக்கு எரிஞ்சா என்ன கொறஞ்சிரும், அண்ணாச்சி?" என்றார்.

இன்று அவரைக் காணச் செல்கிறேன். மாலை நான்கு மணிக்கு உன் கருவிகளுடன் நிலையத்திற்கு வருக. அன்று நகைத்தவர்கள் அனைவரும் காண நீயே மீண்டும் இணைத்துத் தருக.

இனித் தொழிற்பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று நீ கூறிய சொல்லையும் விட்டுவிடுக. குற்றம் என்னுடையது.

பின்குறிப்பு: மீன்காரம்மா வந்தால் சாளை வாங்கவும்.

மற்றுமொன்று: வர மனமில்லையேல் வற்புறுத்தமாட்டேன். நீ இணைத்துத் தரும் நாள்வரை, பொழுது சாய்ந்தபின் காரை எடுக்கமாட்டேன்.